மண்வெட்டிக்காரர் வரும் பக்கம்

காலையில் பல் துலக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தால் என் தலைக்கு மேலே படகு போகும். கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீடு தரையோடு ஒட்டியது. எதிரே புல் முளைத்த உயரமான கரை, கரைக்கு அந்தப் பக்கம் கால்வாய். கால்வாய்த் தண்ணீர் என் வாசல் நிலைப்படியைவிட உயரத்தில் நிற்கிறது. வாத்துகள் உயரத்தில் மிதக்கின்றன, படகில் ஒருவர் காபி குடித்துக்கொண்டே உயரத்தில் போகிறார், கரைக்குக் கீழே மாடுகள் மேய்கின்றன. இந்த ஊரில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான் மட்டும் தினமும் பார்க்கிறேன். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு, தண்ணீர் எங்கே நிற்கிறது, வாசற்படி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு வீட்டுக்குள் கால் வைக்கத் தெரியாது. வீடு பார்க்க வந்த அன்று மற்றவர்கள் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று கேட்டார்கள். நான் அந்தக் கரையைப் பலப்படுத்தி எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டேன். வீடு காட்டிய பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வேறு வீடு கிடைக்கவில்லை, வந்துவிட்டேன். அப்பாவிடம் மட்டும் மாடியில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் யூப் என்று ஒருவர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். மழைக்காலம் வந்தால் ஆரஞ்சு ஜாக்கெட்டும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு கரையில் நடப்பார். கேட்டபோது, "கரைக்காவல்" என்றார், சம்பளமில்லாமல் தானாகச் செய்யும் வேலையாம். எனக்கு உடம்பெல்லாம் ஒரு துள்ளல். எங்கள் ஊர் வழக்கம் இங்கேயும் இருக்கிறதே!

"யாரிடமிருந்து காவல்?" என்று ஆர்வமாகக் கேட்டேன்.

"தண்ணீரிடமிருந்துதான்."

"அது தெரியும். எதிர்க்கரைக்காரர்கள் வந்து வெட்டிவிட்டால்?"

யூப்பின் முகம் மலர்ந்தது. "ஓ, புரிந்தது, புரிந்தது" என்றார். மறுநாள் என் கதவிடுக்கில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்தது. கரையில் வளை தோண்டும் ஒருவகைப் பெரிய எலியின் படம், அதைக் கண்டால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்ற விவரம். நான் மனிதர்களைச் சொன்னேன், அவர் எலியைப் புரிந்துகொண்டார். மனிதர்கள் வந்து வெட்டுவார்கள் என்பது அவருடைய கற்பனைக்கே எட்டவில்லை.

தஞ்சைப் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் மழை பிடித்து வாய்க்கால் கரைமுட்டி ஓடும்போது, இரண்டு பக்கத்து ஊர்க்காரர்களும் அவரவர் கரையில் இரவும் பகலும் நிற்பார்கள். ஒரு பக்கம் உடைந்தால் மறுபக்கம் பிழைத்துக்கொள்ளும். ஆகவே தண்ணீரைப் பார்த்து நிற்பது பாதி, எதிர்க்கரை ஆட்களைப் பார்த்து நிற்பது மீதி. மற்ற நாளெல்லாம் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள்தான். திருவிழாவுக்கு ஒன்றாகத் தேர் இழுப்பார்கள். தண்ணீர் ஏறிவிட்டால் மாமன் மச்சான் எல்லாம் அப்புறம்.

இதை யூப்புக்கு விளக்கப் போனபோதுதான் அந்தப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. சின்ன வயதில் நீடாமங்கலம் நூலகத்தில் படித்த சிறுவர் புத்தகம். வெளிர்நீல அட்டை. வெள்ளம். அக்கரையில் ஒரு கன்றுக்குட்டி கட்டிக் கிடக்கிறது, ஒரு சிறுமி அதை அவிழ்க்கப் போகிறாள், முடிச்சு ஈரத்தில் இறுகிக்கொண்டு அவிழ மறுக்கிறது. எதிரே, அவள் பக்கத்துக் கரையின் மேல், உரச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்த ஒரு ஆள் மண்வெட்டியை ஓங்குகிறார். கரையை வெட்டுகிறார். அந்தப் படம் மட்டும் நேற்றுப் பார்த்ததுபோல இருக்கிறது. அடுத்த பக்கம் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் அடுத்த பக்கம் வரவில்லை.

"குழந்தைகளுக்கான புத்தகமா இது?" என்று யூப் கேட்டார். "அந்தப் பெண் பிழைத்தாளா?"

தெரியவில்லை என்று சொன்னேன். இத்தனை வருஷமாக நான் ஏன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே இல்லை?

என் தொழில் மென்பொருளில் பிழை தேடுவது. ஒன்றைத் தேட ஆரம்பித்தால் சோறு தண்ணீர் தெரியாது. அன்று மாலையே பழைய தமிழ்ப் புத்தகப் பிரியர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் சேர்ந்து, கதை, படம், அட்டை நிறம் எல்லாம் எழுதிப் போட்டேன். பதில்கள் பொழிந்தன. ஒருவர், "கண்டிப்பா ரஷ்ய மொழிபெயர்ப்புதான். அந்தக் காலத்துல நல்ல புக்குன்னா எல்லாம் அங்கேருந்துதான்" என்றார். ரஷ்யாவில் யூரியா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு யார் மண்வெட்டி பிடித்தார்கள் என்று கேட்டேன், ஆளைக் காணோம். இன்னொருவர், தன் மாமனார் இதைவிட நல்ல வெள்ளக் கதை எழுதி வைத்திருப்பதாகவும், எனக்கு ஏதாவது பதிப்பாளரைத் தெரியுமா என்றும் கேட்டார். கடைசியாக ஒரு டீச்சர் எழுதியிருந்தார்: "நான் நாற்பது வருஷமா சிறுவர் புத்தகம் சேர்க்கிறேன்மா. பிள்ளைங்க படிக்கிற புக்குல கரைய வெட்டுற ஆள வரைய எந்த ஆர்ட்டிஸ்டுக்கும் மனசு வராது. நீ வேற எங்கயோ பாத்துருக்க."

வேற எங்கயோ. அந்த இரண்டு வார்த்தையைத் திரையில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெஸிமாவைப் பிடித்தேன். அவளும் நானும் ஒன்றாகத்தான் அந்த நூலகத்துக்குப் போவோம். அவளுக்குப் படிப்பதைவிட அங்கே சுழலும் மின்விசிறி பிடிக்கும். இப்போது நீடாமங்கலத்தில் குழந்தைகள் துணிக்கடை வைத்திருக்கிறாள். எனக்காக நூலகத்துக்குப் போய்த் தேடிவிட்டு, திரும்பும் வழியில் வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் ரயில்வே கேட், இருபக்கமும் மாட்டிக்கொண்ட பஸ், லாரி, ஹாரன் சத்தம்.

"கேட்டப் போட்டுட்டானுவ. ரயிலுக்கு எஞ்சினக் கழட்டித் திருப்பி மாட்டி இவனுவ எப்பத் தொறக்குறது. பேசு, நெறைய நேரம் கெடக்கு" என்றாள் ஜெஸிமா. "நூலகத்துல இல்லடி. ஒழுகுற ரூம்ல இருந்த சின்னப்புள்ள புக்கெல்லாம் எப்பவோ கழிச்சுக் கட்டிட்டாங்களாம். அந்தக் கதைய எனக்கு ஒழுங்கா முதல்லேருந்து சொல்லு. நானும் படிச்சிருப்பேன்ல. அந்தப் பொண்ணு எப்புடி இருப்பா?"

"மூஞ்சி வரையலடி. கை மட்டும்தான் தெரியும். கயித்து முடிச்சுல ரெண்டு சின்னக் கை. கீழ முழங்காலச் சுத்தித் தண்ணி."

"மூஞ்சியே இல்லாத பொண்ணா? ஆர்ட்டிஸ்டுக்குக் காசு குடுக்காம ஏமாத்திட்டானுவ போல. சரி, அந்த ஆளு?"

"அவரு தூரத்துல, நம்மளப் பாத்து நிப்பாரு. மூஞ்சிய சாக்கு மறைக்குது. மண்வெட்டிய இப்புடி ஓங்கிட்டு…" என்று கேமரா முன்னால் கையைத் தூக்கிக் காட்டினேன்.

"ஏன்டி இந்தத் தோளு மேல தூக்குற? நொட்டாங்கையா அந்த ஆளு?"

"படத்துல அப்புடித்தான், எடது கை."

ஜெஸிமாவின் முகத்தில் சிரிப்பு மெல்லப் போனது. சரக்கு ரயில் ஒன்று அவளுக்குப் பின்னால் வெகுநேரம் கடந்தது. அது போன பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "கயலு, நொட்டாங்கைல மம்பட்டி புடிக்கிற ஆளு உங்க ஊர்ல ஒங்க அப்பாவ விட்டா வேற யாருடி?"

கேட் திறந்தது. "தொறந்துட்டான், வைக்கிறேன்" என்றாள், தப்பித்தால் போதும் என்பதுபோல.

என் அப்பாவைத் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். வரப்பு வெட்டவோ கரை அணைக்கவோ ஆட்கள் வரிசையாக நிற்கும்போது, அப்பாவுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் நிற்கும் இடத்தைக் காலியாக விடுவார்கள். எல்லாருடைய மண்வெட்டியும் ஒரு பக்கம் வீச, அவருடையது மட்டும் எதிர்ப்பக்கம் வீசும். "வாத்தியார் வர்றாரு, கால ஒதுக்கிக்குங்கடா" என்று கிண்டல் செய்வார்கள். அப்பா பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு படித்தவர், வாத்தியார் என்பது அந்தக் கிண்டலின் இன்னொரு பாதி. அவரும் சிரிப்பார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மாட்டைக்கூட அடிக்க மாட்டார்.

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சும்மா வார்த்தைக்குச் சொல்லவில்லை. ஆபீஸில் எதிரே இருப்பவர் பேனாவை இடதுகையில் எடுத்தால் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். குளிக்கும்போது முழங்காலில் தண்ணீர் ஓடினால் குழாயை நிறுத்திவிட்டு நின்றேன். இப்படி யோசித்தேன்: அந்தப் புத்தகம் இருக்கிறது என்றால், அது யாரோ எழுதிய கதை, யாரோ வரைந்த படம், அந்தச் சிறுமி காகிதத்தில் மட்டும் இருப்பவள், என் அப்பா என் அப்பா. புத்தகம் இல்லை என்றால், அது நான் கண்ணால் பார்த்தது. அப்போது அக்கரையில் ஒரு சிறுமி நிஜமாகவே முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறாள். அவளுக்கு என்ன ஆனது என்பதற்கு என் அப்பா பதில் சொல்ல வேண்டும். வெறும் ஆர்வத்தில் தொடங்கிய தேடல் அந்த வாரத்தோடு முடிந்துவிட்டது. பிறகு நான் தேடியது அப்பாவைக் காப்பாற்ற.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வீடியோவில் வந்தார். அம்மா பின்னால் ஏதோ அரைத்துக்கொண்டிருந்தார். அப்பா இடதுகையில் போனைப் பிடித்து, வழக்கம்போல நெற்றியை மட்டும் காட்டினார்.

"அங்க மழையா பாப்பா? நீ மாடிதானே?"

"மாடிதாம்ப்பா."

"கீழ யாராவது குடியிருந்தா, தண்ணி வந்தா மேல வந்துருங்கன்னு சொல்லி வையி."

கரையை வெட்டிய மனிதர் இப்படிப் பேசுவாரா? இவரா? கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "சாப்ட்டீங்களாப்பா" என்று வந்தது. வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலருக்கு இது பழகிய நோய். கேட்க வேண்டியதைத் திரைக்கு இந்தப் பக்கமே வைத்துக்கொண்டு, சாப்பாட்டைப் பற்றி விசாரிப்போம். மோசமான பதில் வந்தால் ஓடிப்போய்க் கையைப் பிடிக்க முடியாத தூரத்தில் இருப்பவர்கள் கேள்வி கேட்கவும் பயப்படுகிறோம்.

புத்தகம் கிடைத்தது. ஆமாம், கிடைத்தேவிட்டது. சீர்காழியில் இருக்கும் குழு உறுப்பினர் ஒருவர் தன் பரணில் இருந்து எடுத்து, பக்கம் பக்கமாகப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். மதியச் சாப்பாட்டு வேளையில் அட்டையைப் பார்த்ததும் நான் கத்திய கத்தலில் பக்கத்து மேஜைப் பெண் ரொட்டியைக் கீழே போட்டாள். வெளிர்நீலம்! கன்றுக்குட்டி! மேல் மூலையில் நான் எப்போதோ மறந்த மின்னல் கோடுகூட அப்படியே. "குட் நியூஸா?" என்று அவள் கேட்டாள். "ரொம்ப ரொம்ப நல்ல நியூஸ்" என்றேன். என் அப்பா நல்லவர் என்று ஆங்கிலத்தில் அவளுக்கு எப்படிச் சொல்வது?

பிறகு பக்கங்களைத் தள்ள ஆரம்பித்தேன்.

மழை பெய்கிறது. கரை தானாக உடைகிறது. இரண்டு ஊர்க்காரர்களும் ஓடிவந்து, கைகோத்து, வைக்கோலும் மண்மூட்டையும் போட்டு அடைக்கிறார்கள். ஒரு சிறுவன் வாழைமரத் தெப்பத்தில் போய்க் கன்றுக்குட்டியை மீட்டு வருகிறான். எல்லாரும் கைதட்டுகிறார்கள். ஒரு பக்கமும் கிழியவில்லை, ஒரு பக்கமும் விடுபடவில்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். மறுபடியும். சாக்கு போர்த்திய ஆள் இல்லை. ஓங்கிய மண்வெட்டி இல்லை. சிறுமியே இல்லை.

புத்தகம் கிடைக்காமல் இருந்திருக்கலாம். கிடைக்காத வரையில் அந்தப் பக்கம் அதற்குள் எங்கோ இருந்தது.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே மாலை. அம்மா இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போட்டேன். வயலில் இருந்தார், தவளைச் சத்தம் கேட்டது.

"என்ன பாப்பா, இந்நேரத்துல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அப்பா, நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப நம்ம ஊர்க்காரங்க அக்கரைய வெட்டுனாங்களா?"

"யாரு சொன்னா?" என்றார் அப்பா.

"யாரும் சொல்லல. நீங்கதான் வெட்டுனீங்களா?"

"ஊரு கூடித்தான் முடிவு பண்ணுச்சு. தண்ணி கரைக்கு மேல வழியுது. இன்னுங் கொஞ்ச நேரம் விட்டா நம்ம தெருவு முழுக்கப் போயிரும். மொத மம்பட்டி யாரு போடுறதுன்னு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துட்டு நிக்கிறானுவ. அந்த எடத்துல இந்தக் கரையோரம் நம்ம வயலு. அக்கரைக்குப் போயி நாந்தான் போட்டேன்."

"அக்கரையில ஒரு பொண்ணு நின்னுச்சே அப்பா. கன்னுக்குட்டியப் புடிச்சுக்கிட்டு. அது செத்துப்போச்சா?"

அப்பா மூச்சு வாங்குவது கேட்டது. ஓடிவந்தவரைப்போல.

"பாப்பா" என்றார். "அது நீதாம்மா."

கதவுக்கு வெளியே யாரோ கை கழுவினார்கள். தண்ணீர் ஓடி நின்றது.

அப்பா சொன்னதை அவர் சொன்னபடி என்னால் எழுத முடியாது. பாதி அழுகை. சுருக்கம் இதுதான். அம்மாவின் அக்காவை, என் பெரியம்மாவை, அக்கரை ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. அன்று பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு. பெரியப்பா காலையில் பைக்கில் வந்து, அவர் மகள் ஆனந்தியோடு விளையாட என்னை அழைத்துப் போய்விட்டார். அப்பா முதல் நாளிலிருந்தே கரைக்காவலில் நின்றார், வீட்டுக்கு வரவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. தன் பெண் வீட்டில் போர்வைக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் அவர் மண்வெட்டியைத் தூக்கியிருக்கிறார். ஆனந்தியும் நானும் வயலோரம் கட்டியிருந்த கன்றை அவிழ்க்கப் போயிருக்கிறோம். தண்ணீர் வந்ததும் அவள் ஓடிவிட்டாள். நான் முடிச்சை விடவில்லை.

படத்தில் அந்தச் சிறுமிக்கு ஏன் முகம் இல்லை என்று அப்போது புரிந்தது. தன் முகத்தைத் தானே எப்படிப் பார்க்க முடியும்? குனிந்தால் தெரிவது இரண்டு கையும், முழங்காலும், தண்ணீரும். நிமிர்ந்தால் எதிரே கரைமேல் ஒரு ஆள்.

"நான் உங்களக் கூப்பிடலையா அப்பா?" என்று கேட்டேன்.

"கூப்புட்ட." என்றார் அப்பா. "மழைச் சத்தத்துல, அந்தப் பக்கத்துலேருந்து ஒரு புள்ள அப்பான்னு கத்துறது கேட்டுச்சு. எந்தப் புள்ளையா இருந்தாலும் அப்பான்னுதானே கூப்புடும்னு நெனச்சேன். அதுக்கு மேலயும் வெட்டுனேன் பாப்பா."

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் நடந்துவிட்டு வந்தேன்.

என்னைத் தூக்கியது பெரியப்பா. கன்று போய்விட்டது. மறுநாள் தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும், பாலம் சுற்றி, என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே வந்து எங்கள் வாசலில் இறக்கியிருக்கிறார். யார் வெட்டியது என்று அவருக்குத் தெரியும். எந்தக் கை அப்படி ஓங்கும் என்று சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். "சகலை ஒரு வார்த்த கேக்கல. கேட்டு அடிச்சிருந்தாக்கூடத் தேவலை. அதுக்கப்புறம் இந்த வீட்ல அவரு கை நனைச்சதே இல்ல" என்றார் அப்பா. இரண்டு குடும்பத்துக்கும் ஏதோ வரப்புத் தகராறு என்றுதான் நான் இத்தனை காலம் நம்பியிருந்தேன். நான் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது எதையும் கேட்கவில்லையாம். குழந்தை மறந்துவிட்டது என்று நிம்மதியாகிவிட்டார்கள். நான் மறக்கவில்லை. வைக்க இடமில்லாமல் இருந்திருக்கிறேன். பிறகு படிக்கத் தெரிந்த வயதில் நூலகத்தில் ஒரு வெள்ளமும் ஒரு கன்றுக்குட்டியும் கிடைத்ததும், அப்பாவைக் கொண்டுபோய் அதற்குள் வைத்துவிட்டேன். புத்தகத்துக்குள் இருக்கும் ஆளுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை அல்லவா.

"உன்ன ஆறாவதுலயே புதுக்கோட்டை ஹாஸ்டல்ல எதுக்குப் போட்டேன்னு நெனச்ச?" என்றார் அப்பா.

"படிப்புக்காகன்னு சொன்னீங்க."

"படிப்பு நம்ம ஊர்லயும் இருக்கு. அங்க வாய்க்காலும் இல்ல, கரையும் இல்ல, குடிக்கவே தண்ணி கெடையாது. அதான் நல்ல ஊருன்னு தோணுச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இப்பவும் நீ மாடியில இருக்கங்கிறதாலதான் தூங்குறேன்."

அப்போதும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சொல்லிவிட்டார், நான் சொல்லவில்லை. பயத்தில் நாங்கள் இருவரும் ஒரே அச்சு.

அந்த வாரம் ஆனந்தியைத் தேடிப்பிடித்துப் பேசினேன். பல வருஷம் கழித்து. முதலில் தடுமாறினாள், பிறகு, "கன்னுக்குட்டிய விடுடின்னு கத்துனேன், நீ கேட்டாத்தானே! அப்பவே பிடிவாதம்" என்று திட்டினாள். பெரியப்பாவுக்கு முட்டி வலியாம். என்னைத் தூக்கின தோளும் சேர்த்து வலிக்கிறது என்று கிண்டல் செய்வாராம். என்னிடம் எந்தக் கோபமும் இல்லை என்பதற்கு அடையாளமாகவோ என்னவோ, கேட்காமலே அவர்கள் ஊர் வாட்ஸப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாள். எங்கள் ஊர்க் குழுவில் நான் ஏற்கெனவே இருக்கிறேன். ஒரே வாய்க்காலின் இரண்டு கரையும் இப்போது என் போனில்.

இதை நான் எழுத ஆரம்பித்தது அதனால் அல்ல. இன்று நடந்ததால். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம், மூன்று நாளாக டெல்டாவில் மழை ஓயவில்லை. மதியம் ஆபீஸில் இருந்தபோது எங்கள் ஊர்க் குழுவில் ஒரு படம் வந்தது. கரைக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. கீழே ஒரு அண்ணன் எழுதியிருந்தார்: "யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. அவனுங்க வந்தாலும் வருவானுங்க. வந்தா விடாதீங்க. அதுக்கு முன்னாடி நாம என்ன செய்யணுமோ செய்வோம்." உடனே அக்கரைக் குழுவிலும் சத்தம். அதே தண்ணீர், எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த படம். "அந்த ஊர்க்காரனுங்கள நம்பாதீங்க. போன தடவ என்ன செஞ்சானுங்கன்னு தெரியும்ல. இந்தத் தடவ நாம முந்திக்கணும்." அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சேற்றுநிற வெள்ளத்துக்கு அப்பால் எங்கள் கரையில் சின்னச் சின்ன ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஓரிடத்தில் ஒரு ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று எனக்கு முகம் தேவைப்படவில்லை.

மீட்டிங் தொடங்கிவிட்டது, யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கள் குழுவில் தட்டினேன்: "எல்லாரும் கேளுங்க. அக்கரையில நான் இருக்கேன்." அதையே நகலெடுத்து ஆனந்தியின் குழுவிலும் போட்டேன்: "எல்லாரும் கேளுங்க. அக்கரையில நான் இருக்கேன்."

எங்கள் ஊர் அண்ணன்தான் முதலில் பதில் போட்டார். "பாப்பா, நீ ஹாலந்துல இல்ல இருக்க? குளிருக்கு ஏதும் போட்டுட்டியா?" கூடவே சிரிப்புப் பொம்மைகள். அக்கரைக் குழுவில் ஆனந்தி, "எந்தக் கரைடி?" என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் நான் பதில் எழுதவில்லை. எங்கள் குழுவில் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் 'டைப்பிங்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. அப்பா எழுத்துக்கூட்டித்தான் டைப் செய்வார், ஒரு வரிக்கு வெகுநேரம் எடுக்கும். மழையில், கரையில் நிற்கும் ஒருவர், இடதுகையில் இருக்கும் மண்வெட்டியைக் கீழே வைக்காமல் போனில் எழுத முடியாது. அந்தச் சொல் வந்து வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுதட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எழுதட்டும்.